கூவா இரவும் நான் எழுதிய கட்டுரையும்

ஆய்வுக்கு எடுத்துக்கொள்வது இரண்டு விஷயங்கள். ஒன்று, 2017 அக்டோபர் 10ஆம் தேதி டிரினிடாட் தீவின் கூவா என்ற ஊரில் அமெரிக்க ஆண்கள் கால்பந்து அணி 2–1 என்று தோற்ற ஆட்டம். இன்னொன்று, அந்த ஆட்டம் முடிந்து மூன்று மணி நேரத்துக்குள் நான் எழுதி அனுப்பிய கட்டுரை. ஆட்டத்தை நிறையப் பேர் அலசிவிட்டார்கள். கட்டுரையை யாரும் அலசவில்லை, அலசும் அளவுக்கு அது பெரிய கட்டுரையும் இல்லை. ஆனாலும் அதைப் படித்துவிட்டு நாலு பேர் கைகொடுத்தார்கள், ஒருவர் கண் கலங்கியதாகச் சொன்னார். அந்தப் பாராட்டெல்லாம் தப்பான சரக்குக்குக் கிடைத்தது என்று தெரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின.

ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரத்தில் இருக்கிறேன். அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் முட்டைப் பந்து. நம் கால்பந்துக்கு அங்கே சாக்கர் என்று பெயர். எங்கள் ஊரில் சனிக்கிழமை என்றால் முட்டைப் பந்துதான். சாக்கர் பார்க்கிறவர்கள் கொஞ்சம் ஒதுங்கிய கூட்டம். ஒதுங்கிய கூட்டத்துக்கே உரிய ரோஷம் உண்டு, புலம்பலும் உண்டு. நான் எழுத வந்ததே அந்தப் புலம்பலில் கலந்துகொள்ளத்தான்.

முதலில் என்ன பணயத்தில் இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். வட, மத்திய அமெரிக்க, கரீபியன் நாடுகளுக்கான தகுதிச்சுற்றின் கடைசிக் கட்டத்தில் அப்போது ஆறு அணிகள். ஆளுக்குப் பத்து ஆட்டம், சொந்த மண்ணில் ஐந்து, வெளியே ஐந்து. முதல் மூன்று அணிகள் நேராக உலகக் கோப்பைக்குப் போகும். நான்காவது அணி ஓர் ஆசிய அணியோடு மோதிப் பார்க்கலாம். ஆறு அணிகள் என்பதால் ரசிகர்கள் இதை ‘ஹெக்ஸ்’ என்றார்கள். 1990 முதல் 2014 வரை ஏழு உலகக் கோப்பையிலும் அமெரிக்கா ஆடியிருந்தது. 2018க்கு ரஷ்யா போவது பயண ஏற்பாடு மாதிரிதான் எங்களுக்குத் தோன்றியது.

கொலம்பஸ், 2016 நவம்பர்

கூவாவின் கதை கூவாவில் தொடங்கவில்லை. என் கண்ணெதிரே, எங்கள் ஊரிலேயே தொடங்கியது. ஆனால் என் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை!

கொலம்பஸில் 1999இல் ஒரு கால்பந்து மைதானம் திறந்தார்கள். அமெரிக்காவின் முதல்தர லீகான எம்எல்எஸ்ஸில் கால்பந்துக்கென்றே கட்டிய முதல் மைதானம் அது. அழகென்று சொல்ல மாட்டேன். இரும்புச் சட்டங்கள், தகரப் பலகைகள், மேலே கூரை கிடையாது. ஆனால் மெக்சிகோவுக்கு எதிரான தகுதிச்சுற்று ஆட்டங்களை அங்கே வைத்தால் ராசி என்று ஒரு நம்பிக்கை. 2001, 2005, 2009, 2013 என நான்கு முறை ஆடினார்கள், நான்கு முறையும் 2–0. ‘டோஸ் அ செரோ’ என்று மெக்சிகோக்காரர்களின் மொழியிலேயே கத்துவது எங்கள் ஊர் வழக்கமாகிவிட்டது. இரண்டுக்குப் பூஜ்யம்.

2016 நவம்பர் 11, வெள்ளிக்கிழமை இரவு, ஹெக்ஸின் முதல் ஆட்டம். அதிபர் தேர்தல் முடிந்து மூன்றாம் நாள். வாசலில் வழக்கமான கேலி இல்லை. எல்லோரும் கொஞ்சம் கவனமாகப் பேசிக்கொண்டார்கள். ஆட்டத்துக்கு முன் இரண்டு அணிகளும் கலந்து நின்று ஒரே படமாக எடுத்துக்கொண்டன. கைதட்டினோம். அப்புறம் ஆட்டம் ஆரம்பித்தது.

பயிற்சியாளர் யுர்கன் கிளின்ஸ்மன் அன்றைக்குப் பின்வரிசையில் மூன்று பேரை நிறுத்திப் பார்த்தார். யார் எவரைப் பிடிப்பது என்று ஆட்டக்காரர்களுக்கே புரியவில்லை என்பது மேலே உட்கார்ந்திருந்த எனக்கே தெரிந்தது. 20ஆவது நிமிடத்தில் மெக்சிகோ ஒரு கோல். அரை மணிக்குள் அமைப்பை மாற்றினார்கள். இரண்டாம் பாதித் தொடக்கத்தில் பாபி வுட் சமன் செய்தார். அதற்குப் பிறகு டிராவாக முடியும் என்று நினைத்துக் கையுறைக்குள் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். 89ஆவது நிமிடம், மெக்சிகோவுக்கு ஒரு கார்னர். கிட்டத்துக் கம்பத்தருகே ரஃபா மார்க்கெஸ் தலையை லேசாகத் திருப்பினார், அவ்வளவுதான். பந்து உள்ளே போன சத்தம் எங்கள் பக்கம் கேட்டது. அந்த அளவுக்கு மைதானம் அமைதியாகிவிட்டது.

சொந்த மண்ணில் அமெரிக்கா தகுதிச்சுற்று ஆட்டம் ஒன்றில் தோற்று 15 வருடம் ஆகியிருந்தது. நாலு நாள் கழித்து கோஸ்டா ரிகாவில் 4–0 என்று இன்னொரு உதை. கிளின்ஸ்மனை அனுப்பிவிட்டு, 2002இல் அணியைக் காலிறுதிவரை கொண்டுபோன புரூஸ் அரீனாவைத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

பீட்சா பெட்டி மூடி

அடுத்த எட்டு ஆட்டங்களை ஒரு மூச்சில் சொல்லலாம். ஹோண்டுராஸை 6–0 என்று துவைத்தார்கள், பனாமாவில் டிரா, டிரினிடாடை வென்றார்கள், மெக்சிகோவின் கோட்டையான அஸ்டெக்காவில் டிரா. நிமிர்ந்து உட்கார்ந்தோம். செப்டம்பர் 1ஆம் தேதி நியூ ஜெர்சியில் கோஸ்டா ரிகாவிடம் 2–0 என்று தோற்றார்கள். மார்கோ உரேன்யா இரண்டு கோலும் போட்டார். ஹோண்டுராஸில் கடைசி நேரத்து கோலால் ஒரு டிரா. அக்டோபர் 6ஆம் தேதி ஆர்லாண்டோவில் பனாமாவை 4–0 என்று உடைத்தார்கள். கடைசி ஆட்டம் டிரினிடாடில். அது ஏற்கனவே வெளியேறிவிட்ட அணி, பட்டியலில் கடைசி. ஒரு டிரா போதும். தோற்றாலும் பனாமாவும் ஹோண்டுராஸும் இரண்டும் ஜெயித்தால்தான் அடியோடு வெளியேறும் ஆபத்து.

முந்தைய நாள் கூவாவில் மழை. ஓட்டப் பாதையில் தண்ணீர் தேங்கி நின்றதால் பயிற்சிக்கு வந்த ஆட்டக்காரர்கள் சிலரை உதவியாளர்கள் முதுகில் சுமந்து மைதானத்துக்குள் கொண்டுபோன படம் வந்தது. பார்த்துச் சிரித்தோம். பிறகு அந்தப் படத்தை வைத்து எத்தனையோ பேர் எத்தனையோ தத்துவம் எழுதினார்கள். நானும் எழுதினேன். ஷூ நனையக் கூடாது என்று முதுகில் ஏறியவர்களாம், உலகக் கோப்பைக்கு லாயக்கில்லாதவர்களாம். ஈரப் பூட்ஸோடு பயிற்சி செய்ய எந்த ஊர்க்காரனும் விரும்ப மாட்டான். அன்றிரவு அதெல்லாம் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணி. நண்பன் வீட்டில் மூன்று திரை. தொலைக்காட்சியில் கூவா, மடிக்கணினியில் பனாமா–கோஸ்டா ரிகா, கைபேசியில் ஹோண்டுராஸ்–மெக்சிகோவின் ஸ்கோர் மட்டும். நடுவே ஒரு பீட்சா பெட்டி.

17ஆவது நிமிடம், பக்கவாட்டிலிருந்து வந்த பந்தை விலக்கக் காலை நீட்டினார் ஓமர் கொன்சாலஸ். பந்து அவர் காலில் பட்டு எகிறி, கோல்கீப்பர் டிம் ஹோவர்டின் தலைக்கு மேலே வளைந்து உள்ளே போனது. சேம் சைடு கோல். 37ஆவது நிமிடம் ஆல்வின் ஜோன்ஸ் வெகு தூரத்திலிருந்து ஓங்கி ஒன்று விட்டார், ஹோவர்டின் கைக்கு எட்டவில்லை. இடைவேளையில் 2–0. நண்பன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அப்போது பால்பாயிண்ட் பேனாவால் பீட்சா பெட்டியின் மூடியில் ஒரு பட்டியல் போட்டேன். கோஸ்டா ரிகா பனாமாவை 1–0 என்று முந்திக்கொண்டிருந்தது. மெக்சிகோ ஹோண்டுராஸை 2–1 என்று. அதே நிலையில் எல்லாம் முடிந்தால் அமெரிக்கா 12 புள்ளி, பனாமா 10, ஹோண்டுராஸ் 10. அதாவது, இரண்டு கோல் பின்தங்கி, அசிங்கமாக ஆடி, அப்படியே தோற்றாலும் ரஷ்யாவுக்குப் போகலாம்! மூடியில் 12க்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். எண்ணெய்க் கறையோடு அந்த மூடி இன்னும் என்னிடம் இருக்கிறது.

இடைவேளை முடிந்த இரண்டாவது நிமிடம் கிறிஸ்டியன் புலிசிக் ஒரு கோல் போட்டார். 19 வயதுப் பையன், அன்றைக்கு வேலை செய்த ஒரே ஆள். இன்னும் ஒன்று போதும். அதே நேரத்தில் மற்ற இரண்டு திரைகளும் திரும்பத் தொடங்கின. 53ஆவது நிமிடத்தில் பனாமாவுக்கு ஒரு கோல் கொடுத்தார்கள். பந்து கோட்டைத் தாண்டவே இல்லை. மடிக்கணினியில் மூன்று தரம் ஓட்டிப் பார்த்தோம். காணொளி நடுவர் முறை அந்த ஆட்டங்களில் கிடையாது. அடுத்த நிமிடம் ஹோண்டுராஸில் ஒரு அடி மேல் கம்பத்தில் பட்டு, மெக்சிகோ கோல்கீப்பர் ஒச்சோவாவின் உடம்பில் மோதி உள்ளே விழுந்தது. 60ஆவது நிமிடம் ரோமெல் கியோட்டோ இன்னொன்று போட, ஹோண்டுராஸ் 3–2. இப்போது அமெரிக்கா நான்காம் இடம். 77ஆவது நிமிடம் மாற்று ஆட்டக்காரராக வந்த கிளின்ட் டெம்ப்சி அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. 88ஆவது நிமிடம் பனாமாவின் ரோமான் டோரஸ், ஒரு பின்வரிசைக்காரர், முன்னால் ஓடி வந்து அடித்தார். அமெரிக்கா ஐந்தாம் இடம்.

பனாமாவில் மறுநாள் பொது விடுமுறை விட்டார்கள். நண்பன் பீட்சா பெட்டியை மடித்துக் குப்பையில் போடப் போனான். மூடியை மட்டும் கிழித்து வாங்கிக்கொண்டேன். ஏன் என்று அப்போது தெரியாது.

நான் எழுதியது

நான் அவ்வப்போது எழுதிக்கொண்டிருந்த இதழின் ஆசிரியர் இரவே வேண்டும் என்றார். அவர் மேல் குறை இல்லை. சூடு ஆறுவதற்குள் வேண்டும் என்பது அவர் தொழில். சூட்டோடு கொடுக்காமலும் இருக்கலாம் என்பதுதான் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

தலைப்பே ‘முடிந்தது’ என்று வைத்தேன். தொடக்கம் 1989. அந்த வருடம் நவம்பர் 19ஆம் தேதி இதே தீவில், போர்ட் ஆஃப் ஸ்பெயினில், பால் காலிஜியூரி தூரத்திலிருந்து அடித்த ஒரே கோலால்தான் 40 வருடம் கழித்து அமெரிக்கா உலகக் கோப்பைக்குள் நுழைந்தது. அன்று டிரினிடாடுக்கு ஒரு டிரா போதும் என்ற நிலை. 28 வருடம் கழித்து நிலைமை தலைகீழ், தூரத்திலிருந்து அடித்தவர் டிரினிடாட்காரர். தீவு கடனைத் திருப்பி வாங்கிக்கொண்டது என்று எழுதினேன். கண் கலங்கியவர் அந்தப் பத்தியில்தான் கலங்கினாராம். பத்தி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது எதையும் விளக்கவில்லை. தற்செயலுக்குப் பூச்சூட்டி வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு காரணங்களை அடுக்கினேன். சிறுவர்கள் காசு கட்டினால்தான் கிளப்பில் ஆட முடியும், ஏழைப் பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள். எம்எல்எஸ் சொகுசு லீக், கீழே இறங்கும் பயமே இல்லாத அணிகள் அதில் ஆடுகின்றன. அடுத்த தலைமுறை என்று ஒன்று கிடையாது, புலிசிக் ஒருவர்தான். முந்தின நாள்தான் 3.3 லட்சம் பேர் உள்ள ஐஸ்லாந்து தகுதி பெற்றிருந்தது. 32 கோடிப் பேருக்கு முடியாததா என்று முடித்தேன்.

ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

காசு விஷயம் உண்மை, இன்றும் உண்மை. என்னோடு வேலை பார்ப்பவர் தன் பெண்ணை ஒரு கிளப்பில் சேர்த்திருந்தார். வருடத்துக்குச் சில ஆயிரம் டாலர் கட்டணம். சீருடை தனி, வெளியூர்ப் போட்டிக்குப் போனால் ஓட்டல் செலவு தனி. நாலு பேர் குடும்பத்தில் ஒரு பிள்ளை கால்பந்து ஆடினால் இன்னொரு பிள்ளைக்குப் பியானோ கிடையாது என்று சிரித்துக்கொண்டே சொல்வார். இந்த முறையைத் திட்ட வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் இதே முறை 2013இலும் இருந்தது. அந்த ஹெக்ஸில் அமெரிக்கா 22 புள்ளியோடு முதலிடம். ஜெயித்தபோதும் தோற்றபோதும் ஒரே மாதிரி இருந்த ஒன்று, தோல்விக்கு மட்டும் எப்படிக் காரணமாகும்? இந்த எளிய கேள்வியை அன்றிரவு நான் கேட்டுக்கொள்ளவில்லை.

2013இல் இன்னொன்றும் நடந்தது. மெக்சிகோ வெறும் 11 புள்ளியோடு நான்காம் இடத்தில் தப்பியது. தப்ப வைத்தது அமெரிக்காதான். கடைசி நாளில் பனாமாவில் 2–1 என்று பின்தங்கியிருந்த அமெரிக்கா, காயத்துக்கான கூடுதல் நேரத்தில் இரண்டு கோல் போட்டுப் பனாமாவை வெளியே தள்ளியது. 2017இல் எங்களிடம் 12 புள்ளி. அன்றைய மெக்சிகோவை விட ஒன்று அதிகம் வைத்திருந்தும் ஐந்தாம் இடம். பத்து ஆட்டத்தில் 17 கோல் போட்டு 13 வாங்கிய அணி அது. பனாமாவோ தான் வாங்கியதை விடக் குறைவாகத்தான் போட்டது. கொலம்பஸில் அந்தக் கார்னரைத் தடுத்திருந்தால் ஒரு புள்ளி. 13 புள்ளி, கோல் வித்தியாசத்தில் மூன்றாம் இடம், ரஷ்யா. நியூ ஜெர்சியில் ஒரு புள்ளி எடுத்திருந்தாலும் அதேதான். சரி, அப்படிப் பார்த்தால் எல்லாத் தோல்வியையும் ‘அது மட்டும் நடந்திருந்தால்’ என்று சொல்லிக்கொண்டே போகலாம். அணி சுமாராகத்தான் இருந்தது. வயதான அணி, நாலு நாள் இடைவெளியில் அதே பதினொரு பேரை ஈர மைதானத்தில் இறக்கியது தப்பு. ஆனால் ‘சுமாரான அணி, சொந்த ஊரில் இரண்டு ஆட்டத்தைக் கோட்டைவிட்டது’ என்பது ஒரு விளக்கம். ‘ஒரு நாட்டின் கால்பந்தே முடிந்தது’ என்பது வேறு. முதலாவதற்கு என்னிடம் ஆதாரம் இருந்தது, பீட்சா மூடியிலேயே இருந்தது. இரண்டாவதை எழுதினேன்.

ஐஸ்லாந்து பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மக்கள்தொகை கோல் போடுமென்றால் அந்த வாரம் டெல்லியில் நாம்தான் ஜெயித்திருக்க வேண்டும். அதற்கு வருகிறேன்.

இறங்கும் பயம்

எம்எல்எஸ் பற்றி எழுதியதுதான் எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. அந்த லீகில் கடைசி இடம் பிடித்தாலும் அடுத்த வருடம் அதே லீகில்தான் ஆடலாம், அதனால் யாருக்கும் பயமில்லை, பயமில்லாதவன் கூவாவில் தோற்கத்தான் செய்வான் என்று எழுதியிருந்தேன். எங்களைக் கவிழ்த்த கோல்களை யார் போட்டார்கள் என்று பார்க்கவில்லை. டோரஸ் சியாட்டிலில் ஆடியவர். கியோட்டோ ஹூஸ்டனில். உரேன்யா சான் ஹொசேயில். மூன்று பேருக்கும் சம்பளம் கொடுத்தது அந்தச் சொகுசு லீக்தான்! அது அமெரிக்கர்களைக் கெடுத்தது என்று நான் சொன்ன காலத்தில் பனாமாவையும் ஹோண்டுராஸையும் கோஸ்டா ரிகாவையும் வளர்த்துக்கொண்டிருந்தது. எங்களுக்கும் அவர்களுக்கும் இருந்த இடைவெளி குறைந்ததற்கு நாங்களே ஒரு காரணம். எழுத வேண்டிய விஷயம் அதுதான். கண்ணில் படவில்லை.

பயம் பற்றிச் சொன்னதற்குப் பதில் ஆறே நாளில் வந்தது. அக்டோபர் 16ஆம் தேதி இரவு, எங்கள் ஊர் அணியான கொலம்பஸ் க்ரூவை அதன் உரிமையாளர் டெக்சஸின் ஆஸ்டின் நகரத்துக்குக் கொண்டுபோக யோசிக்கிறார் என்று செய்தி. 1996இல் லீக் தொடங்கியபோதே இருந்த அணி. உரிமையாளர் ஆண்டனி ப்ரீகோர்ட் 2013இல் வாங்கும்போதே ஆஸ்டினுக்கு மட்டும் போகலாம் என்று ஒப்பந்தத்தில் இடம் வைத்திருந்தது அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஐரோப்பாவில் அணி தோற்றால் கீழே இறங்கும், ஆனால் ஊரில் இருக்கும். இங்கே அணி ஜெயித்தாலும் லாரியில் ஏறிவிடலாம். அந்த அக்டோபர் கடைசியில் க்ரூ அட்லாண்டாவை அவர்கள் மைதானத்திலேயே பெனால்ட்டியில் வீழ்த்தி, நியூ யார்க்கை 4–1 என்று அடித்து, அரையிறுதிவரை போனது. ஊரைவிட்டுப் போகப் போகும் அணிக்காகத் தொண்டை கிழியக் கத்துவது ஒரு விசித்திரமான அனுபவம். பயமில்லாத லீகாம். எழுதியவன் பெயரைப் பார்த்தால் என் பெயர்.

நகர மன்றத்தின் முன் கூடினோம். ‘க்ரூவைக் காப்பாற்றுங்கள்’ என்ற மஞ்சள் அட்டைகள் முடிவெட்டும் கடை, மதுக்கடை, பல் டாக்டர் என்று எல்லா ஜன்னலிலும் ஏறின. ஆனால் கூட்டம் மட்டும் அணியை நிறுத்தவில்லை. ஒரு பழைய சட்டம் கைகொடுத்தது. கிளீவ்லாந்தின் முட்டைப் பந்து அணியான பிரௌன்ஸை 1990களின் நடுவில் அதன் உரிமையாளர் பால்டிமோருக்குக் கொண்டுபோனார். அந்தக் காயத்தில் ஓஹையோ 1996இல் போட்ட சட்டம் அது. வரிப்பணச் சலுகை பெற்ற மைதானத்தில் ஆடும் அணி வெளியேறுவதென்றால் ஆறு மாத முன்னறிவிப்பு தர வேண்டும், உள்ளூர்க்காரர்கள் வாங்குவதற்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். 2018 மார்ச்சில் மாநில அட்டர்னி ஜெனரலும் நகரமும் வழக்குப் போட்டார்கள். அக்டோபரில் வாங்குவதற்கு ஆள் வந்தது. ஒன்று, க்ரூவின் மருத்துவராக வருடக்கணக்கில் இருந்த பீட் எட்வர்ட்ஸின் குடும்பம். இன்னொன்று, புது பிரௌன்ஸ் அணிக்குச் சொந்தக்காரர்களான ஹாஸ்லம் குடும்பம். பிரௌன்ஸ் ஓடிப்போனதால் பிறந்த சட்டம், பிரௌன்ஸ்காரர்களே வந்து க்ரூவைக் காப்பாற்றும்படி ஆனது. ஆஸ்டினுக்கு வேறு புது அணி கொடுத்தார்கள். 2020 டிசம்பரில் க்ரூ எம்எல்எஸ் கோப்பையை எடுத்தது, அதே தகர மைதானத்தில். கொரோனா காலம், உள்ளே விட்டது ஆயிரத்து ஐந்நூறு பேரைத்தான். நான் வீட்டில்.

அந்த ஒரு வருடம் நான் எழுதிய கட்டுரைகளை இப்போது படித்தால் கூச்சமில்லை. சட்டப் பிரிவைப் படித்தேன், குத்தகை ஒப்பந்தத்தைத் தேடினேன், நகர மன்றக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். ஒருவரும் கண் கலங்கவில்லை.

டெல்லியில் ஆடிய பையன்கள்

அடுத்த தலைமுறை கிடையாது என்று எழுதினேன் அல்லவா. அந்தப் பிழைக்கு மன்னிப்பே இல்லை, ஏனென்றால் என்னிடம் தகவல் இருந்தது. மதுரையிலிருந்து மாமா கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

அந்த அக்டோபரில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தது. 6ஆம் தேதி டெல்லி நேரு மைதானத்தில் இந்தியாவின் முதல் ஆட்டம், எதிரணி அமெரிக்கா. மாமா கல்லூரி அணியில் பேக் ஆடியவர். தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து முழு ஆட்டமும் பார்த்திருக்கிறார்.

“என்ன மாப்ள, உங்க ஊர்ப் பயலுக நம்ம பிள்ளைகள மூணு போட்டுட்டானுகளே” என்றார். “நம்மாளு ஒருத்தன் அடிச்சது மேல் கம்பத்துல பட்டுருச்சு. அது போயிருந்தா ஊரே ஆடியிருக்கும்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “ஆனா சும்மா சொல்லக் கூடாது, அந்த ஒன்பதாம் நம்பர் பய நல்லா வருவான். எழுதி வச்சுக்க” என்றார்.

அவர் சொன்னது ஜாஷ் சார்ஜென்டை. எழுதி வைத்துக்கொள்ளவில்லை. அதே அணியில் டிம் வேயா இருந்தார், செர்ஜின்யோ டெஸ்ட் இருந்தார். 9ஆம் தேதி, கூவாவுக்கு முந்தின நாள், டெல்லியில் கானாவை வென்றார்கள். வேயாவின் அப்பா லைபீரியாவின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஜார்ஜ் வேயா. கூவாவில் நாங்கள் தோற்ற அதே 10ஆம் தேதி லைபீரியாவில் அதிபர் தேர்தல் வாக்குப்பதிவு, அவர் வேட்பாளர், பிறகு அதிபரும் ஆனார். 16ஆம் தேதி டெல்லியில் பராகுவேயை 5–0 என்று அடித்தபோது மூன்று கோல் மகன் வேயாவுடையது. எங்களுக்கு அது காலை நேரம். அன்றிரவுதான் க்ரூ செய்தி வந்தது. இவ்வளவும் ஒரே வாரத்தில். தலைமுறை இல்லை என்று நான் எழுதிய காகிதத்தின் மை காயவில்லை, தலைமுறை டெல்லியில் ஆடிக்கொண்டிருந்தது.

கூவா முடிந்து ஐந்து வாரத்தில் போர்ச்சுகலில் ஒரு நட்பு ஆட்டம். வெஸ்டன் மெக்கென்னியும் டைலர் ஆடம்ஸும் முதல் தடவையாக இறங்கினார்கள். மெக்கென்னி அன்றைக்கே கோல் போட்டார். 2022 உலகக் கோப்பையில் வேல்ஸுக்கு எதிராக வேயா கோல் போட்டார், பந்தைக் கொடுத்தவர் புலிசிக். இரானுக்கு எதிராக ஜெயித்தே ஆக வேண்டிய ஆட்டத்தில் மெக்கென்னி தூக்கிவிட்ட பந்தை டெஸ்ட் தலையால் உள்ளே திருப்ப, புலிசிக் பாய்ந்து விழுந்து அடித்தார், கோல்கீப்பரோடு மோதி அங்கேயே சுருண்டார். முன்வரிசையில் அன்று ஆடியது சார்ஜென்ட். மாமாவின் ஒன்பதாம் நம்பர்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ‘அமெரிக்கக் கால்பந்து முடிந்தது’ என்று நான் எழுதிய நாளில் அமெரிக்கப் பெண்கள் அணி உலக சாம்பியன். 1991, 1999, 2015 என்று மூன்று கோப்பை வைத்திருந்தது, இரண்டு வருடத்தில் நான்காவதும் வந்தது. என் கட்டுரையில் அவர்களைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ஆண்கள் அணி என்று கூட நான் குறிப்பிடவில்லை, ‘அமெரிக்கா’ என்றேன். கிளப்புக்குப் பணம் கட்டும் அந்த நண்பரின் பெண் மட்டும் கேட்டாள்: “அங்கிள், எந்த அமெரிக்கா?” அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது.

அட்லாண்டா, 2024 ஜூன் 27

இதற்குப் பிறகு ஒரு பரீட்சை வந்தது. தென் அமெரிக்க நாடுகளின் போட்டியான ‘கோப்பா அமெரிக்கா’ அந்த வருடம் அமெரிக்காவிலேயே நடந்தது. இரண்டாவது ஆட்டம், மறுபடியும் பனாமா. 18ஆவது நிமிடத்தில் பந்து வேறு எங்கோ இருக்க, வேயா ஒரு பனாமா பின்வரிசைக்காரரின் பின்தலையில் கையால் தட்டினார். காணொளியைப் பார்த்து நடுவர் சிவப்பு அட்டை காட்டினார். பத்துப் பேரோடு ஆடிய அமெரிக்கா அப்படியும் முதலில் கோல் போட்டது. நாலு நிமிடத்தில் பனாமா சமன் செய்தது, 83ஆவது நிமிடத்தில் முந்தியது. 2–1. அடுத்து உருகுவேயிடமும் தோற்று, சொந்த நாட்டில் நடந்த போட்டியில் முதல் சுற்றோடு வெளியே. பயிற்சியாளர் கிரெக் பெர்ஹால்டரை அனுப்பினார்கள்.

பனாமா ஆட்டத்தன்று இரவு ஆசிரியர் செய்தி அனுப்பினார். வேறு ஆசிரியர், அதே அவசரம். மடிக்கணினியைத் திறந்தேன். கை தானாகவே ‘இந்தத் தலைமுறையும்…’ என்று தட்டியது. அழித்தேன். காலையில் தருகிறேன் என்று பதில் போட்டுவிட்டு ஆட்டத்தை இன்னொரு தரம் பார்த்தேன். மறுநாள் அனுப்பியது ஒரு பக்கம். 18ஆவது நிமிடம் வரை யார் எப்படி ஆடினார்கள், அதற்குப் பிறகு பத்துப் பேரை எப்படி நிறுத்தினார்கள், வலது பக்கம் எங்கே ஓட்டை விழுந்தது, அவ்வளவுதான். “பெரிய காரணம் ஒன்றும் இல்லையா சார்?” என்று கேட்டார். இப்போதைக்கு இல்லை என்றேன். உள்பக்கத்தில் சின்னதாகப் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா கூப்பிட்டார்.

“ஏன் மாப்ள, டெல்லியில மூணு கோல் போட்ட பயதானே அவன்?”

“அவன்தான் மாமா.”

“பந்து அங்குட்டுக் கெடக்கு. இவன் எதுக்குடா அவன் மண்டையில போய்த் தட்டுனான்?”

தெரியலை மாமா என்றேன்.